ஏழாம் நம்பர் ஜெர்சி

பெப்ரவரி 17, திங்கட்கிழமை

நேற்றைய பக்கத்தில் கரப்பந்தாட்ட இறுதி ஆட்டத்தின் மூன்றாவது செட்டை 15–11 என்று எழுதியிருக்கிறேன். அது பிழை. 15–12. மேல்பிரிவுக்குக் கிடைத்த கடைசிப் புள்ளியை நான் பார்க்கவில்லை. அந்த நேரம் நாகலெட்சுமி அத்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

முந்தைய நாளின் பிழையை முதலில் திருத்து, நாளைய வேலையைக் கடைசியில் எழுது என்பது அசீசா டீச்சரின் கட்டளை. கொட்டகலை பஜாரில் அவர் நாநா என்று கூப்பிடும் அண்ணனின் புடவைக் கடை மேல்மாடியில் பின்னேரங்களில் எங்களுக்குச் சிங்களம் சொல்லித் தருகிறார். "ஒரு பாசைய ஒழுங்கா எழுதத் தெரியாத புள்ளைக்கு மத்தப் பாசை எப்படி வரும்?" என்று தமிழில் நாட்குறிப்பும் எழுத வைக்கிறார். பகலில் நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பாடம், ரேடியோவில் சிங்களச் செய்தியைக் கேட்டுத் தமிழில் சுருக்கி எழுதுவது. நான் எழுதியது இது: "பஸ் நிலையத்தில் குண்டு வைத்து மூன்று பேரைக் கொன்றதாகத் தேடப்பட்டவர் இன்று மாலை பட்டிப்பொல ரயில் நிலையத்தில் பிடிபட்டார். விளையாட்டு: கிரிக்கெட்டில் தோல்வி." பக்கத்தில் இடம் மிச்சம் இருந்தது. எங்கள் தோட்டத்து முடிவையும் அதன் கீழே சேர்த்தேன். "கரப்பந்தாட்டம்: கீழ்ப்பிரிவு வெற்றி. சிறந்த ஆட்டக்காரர் ஜீவராஜ்."

ஒரே ஆளைப் பற்றித்தான் இரண்டு தரம் எழுதியிருக்கிறேன் என்பது இன்று காலை தெரிந்தது.

முதலிலிருந்து எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே குழம்பும்.

எங்கள் தோட்டத்துப் போட்டியில் அந்தந்தப் பிரிவுப் பையன்கள்தான் ஆட வேண்டும். ஆனால் பையன்கள் பாதிப்பேர் கொழும்பில். ஆறு பேரைச் சேர்க்கவே முடிவதில்லை. அதனால் வெளியாள் ஒருவனைக் கூட்டி வந்து, ஊரில் இல்லாத ஒருவனின் பெயரில் இறக்குவார்கள். எதிர் அணி ஒரு தடவை ஆட்சேபிக்கும். உடனே அந்தப் பெயருக்கு உரியவனின் அம்மாவை மைக்குக்குக் கூப்பிடுவார்கள். அம்மா "என் மகன்தான்" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது. அதுதான் வழக்கம். போன வருடம் மேல்பிரிவில் ஒரு அம்மா, தலவாக்கலையில் வயரிங் வேலை செய்யும் பையனைத் தன் மகன் என்றார். நாங்கள் வாயை மூடிக்கொண்டு தோற்றோம்.

இந்த முறை ஜீவராஜின் பெயர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருக்கும் செல்லசாமி மாமாவுக்கும் நாகலெட்சுமி அத்தைக்கும் அவன் ஒரே மகன். கொழும்பில் இரும்புக் கடையில் வேலை. முதல் சம்பளத்தில் ஜெர்சி தைத்து, முதுகில் பெயரும் ஏழாம் நம்பரும் அடித்து, தீபாவளிக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்துவிட்டுப் போனான். அவனிடம் யாரும் கேட்கவில்லை.

ஆளைக் கூட்டி வந்தது அத்தையின் தம்பி அழகுமுத்து சித்தப்பா. அவர்தான் அணித் தலைவர். வேலை இல்லாத நாட்களில் பட்டிப்பொல பக்கம் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றப் போவார். அங்கே உருளைக்கிழங்குத் தோட்டத்துக் கூலிக்காரர்களோடு பின்னேரம் பந்து அடித்துக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்திருக்கிறார். சுரேன் என்று சொன்னானாம். சனிக்கிழமை வந்து அத்தை வீட்டில் தங்கினான். ரொட்டியும் கட்டைச் சம்பலும் தின்றான். தட்டைத் தானே கழுவினான். காலையில் பாயையும் மடித்து வைத்தான்.

"எம்மவன் ஒருநாளும் பாய மடிச்சதில்ல" என்றார் அத்தை, என் அம்மாவிடம்.

இறுதி ஆட்டத்தில் முதல் செட்டிலேயே மேல்பிரிவுத் தலைவர் சின்னத்தம்பி கையைத் தூக்கிவிட்டார்.

"ஜீவராஜ் எனக்குத் தெரியாதா? கொழும்புக்குப் போயி ஆறு மாசத்துல அரை அடி வளந்துட்டானா?"

மைக்கில் சோலைமலை அண்ணன். கோயில் திருவிழாவுக்கும் அவர்தான், மரண அறிவித்தலுக்கும் அவர்தான். "அங்க தண்ணி வேறங்க. குழாயத் தொறந்தா சத்தாக் கொட்டுது. பெத்தவங்க எங்க? நாகலெட்சுமி அக்கா, கொஞ்சம் இப்புடி வந்து போங்க."

அத்தை வெட்கப்பட்டுக்கொண்டே போனார். சித்தப்பா பின்னாலிருந்து கைகூப்பினார். அத்தை மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளதான். பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றார். மைதானமே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, இடுப்பில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் பூசினார். அவன் குனிந்து நின்றான்.

பனிமூட்டம் இறங்குவதற்கு முன்பே ஆட்டம் முடிந்தது. அவன் ரயிலைப் பிடிக்க ஓடினான். ஜெர்சியைக் கழற்றவில்லை. அத்தை பின்னேரம் முழுக்க அதைத் தேடினார். ஜீவராஜுக்குப் போன் போட்டு, "ஒம்பேருல கப்பு வந்திருச்சுடா" என்று சொன்னதற்கு, "என் ஜெர்சிய எவனுக்கும்மா குடுத்த?" என்று அவன் கத்தியது சுவர் தாண்டி எங்களுக்குக் கேட்டது.

இன்று காலை கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாரோ போனைக் காட்டினார்களாம். பிடிபட்டவனின் தலையைத் துணியால் மூடி ஜீப்பில் ஏற்றும் படம். முகம் இல்லை. முதுகு தெரிகிறது. ஜீவராஜ். 7.

அத்தை கூடையை இறக்கவே மறந்து அப்படியே நின்றதாக அம்மா சொன்னார்.

நாளைக்கு: பிள்ளைக் காம்பராவில் பால்மா முடிகிறது, ஆபீசில் சொல்ல வேண்டும்.

பெப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை

நேற்று எழுதியதில் பிழை இல்லை என்று நினைக்கிறேன். நிச்சயமில்லை.

பொலிஸ் ஜீப் இன்று வந்தது. முதலில் மேல்பிரிவுக்குப் போனார்கள். சின்னத்தம்பியிடம் படத்தைக் காட்டி யார் என்று கேட்டிருக்கிறார்கள். "எங்களுக்கு என்ன தெரியும்? செல்லசாமி மகன்னாங்க. அம்மாவே மைக்குல சொன்னாங்க" என்றாராம். பொய் என்று சொல்ல முடியாது. அத்தை சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் செல்லசாமி மாமாவைக் கவ்வாத்து மலையிலிருந்து ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். தேயிலைச் செடியை வெட்டிய கத்தியோடு அப்படியே இறங்கி வந்தவரை, கணக்கப்பிள்ளை வாசலிலேயே தடுத்து, "கத்திய வெளிய வச்சிட்டு வாங்க" என்றிருக்கிறார். மகன் எங்கே என்று கேட்டார்கள். கொழும்பில் என்றார். கடையின் விலாசத்தையும் கொடுத்துவிட்டார். கேட்டால் கொடுக்காமல் எப்படி?

மத்தியானத்துக்குப் பிறகு ஜீவராஜோடு தங்கியிருக்கும் பையன் போன் செய்தான். உன் பெயர் போட்ட ஜெர்சி அவனிடம் எப்படி வந்தது என்று கேட்டு, கடைக்கே வந்து கொண்டுபோய்விட்டார்களாம். இங்கே உள்ள பொலிசுக்குத்தான் கொண்டுவருவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். ஜீவராஜின் போன் வேலை செய்யவில்லை.

பின்னேரம் அத்தை வீட்டில் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அடுப்பில் ஈர விறகு. புகையில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். அழுகிறவர் யார் என்று தெரியவில்லை. அழகுமுத்து சித்தப்பா உள்ளே வராமல் வெளித் திண்ணையான இஸ்தோப்பிலேயே, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க அக்கா. ஞாயித்துக்கெழம அவன் கொழும்புலதான் இருந்தான்னு கடையில சொன்னா விட்டுருவாங்க. நாம வாயத் தொறக்காம இருந்தாலே போதும்."

"ஞாயித்துக்கெழம கடை லீவுடா" என்றார் மாமா.

"அப்ப கூடத் தங்குற பயலுக சொல்லுவானுக."

"அவனுகளயும் ஜீப்புல ஏத்தட்டும்ங்கிறியா?"

மாமா கையிலிருந்த தேயிலைக் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னய ஏத்துனப்ப எனக்குக் கல்யாணம்கூட ஆகல. செல்லசாமின்னு ஒருத்தனத் தேடுனாங்களாம். நானும் செல்லசாமியாம். அம்புட்டுத்தான். ஒரு தீவாளி, ஒரு பொங்கலு, எல்லாம் உள்ளயே போச்சு. பயங்கரவாதச் சட்டத்துல போட்டா கோர்ட்டும் கெடையாது, பிணையும் கெடையாது. வெளிய வந்தப்ப எங்கப்பாவுக்கு என்னய அடையாளம் தெரியல."

"அந்தக் கதைய இப்ப ஏன் எடுக்குறீங்க?" என்றார் அத்தை.

"நீ மைக்கப் புடிச்சப்பவே எடுத்திருக்கணும்."

அத்தை அடுப்பை ஊதினார். வெகு நேரம் ஊதினார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

"தட்டக் கழுவி வச்சான்டா தம்பி. அதப் பாத்துத்தான் நல்ல வீட்டுப் புள்ளன்னு நெனச்சேன்."

"எனக்கு மட்டும் தெரியுமா அக்கா? நல்லா அடிக்கிறான்னு கூட்டியாந்தேன். நெட்டுக்கு மேல எழும்புனா எறங்கவே மாட்டான். அம்புட்டுத்தான் நான் பாத்தது."

"ஒனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு யாரு சொல்றது?"

நானும் யோசித்துப் பார்த்தேன். ஆடியது ஜீவராஜ் இல்லை என்று சொன்னால், பிறகு யார் அவனைக் கூட்டி வந்தது என்று கேட்பார்கள். கூட்டி வந்தவர் சித்தப்பா. அவர் மனைவி நிலக்ஷிக்கு அடுத்த மாதம் பிரசவம். சொல்லாவிட்டால் ஜீவராஜ் உள்ளேயே இருப்பான். வேறு வழி இருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். ஆனால் அத்தையும் அதையேதான் சொன்னார்.

"சொன்னா தம்பி. சொல்லாட்டி மகன்."

தமிழில் வாக்குமூலம் கொடுக்க முடியுமா என்று பொலிசுக்குப் போன் செய்து கேட்டேன். தமிழ் தெரிந்த அதிகாரி அடுத்த வாரம்தான் வருவார் என்றார்கள். நான் பேசிய சிங்களம் அவர்களுக்கு விளங்கியது. அதுவே எனக்கு ஆச்சரியம்.

"என்னால அந்த வாசல மிதிக்க ஏலாது" என்றார் மாமா. "காலு போகாது. கோவிச்சுக்காத."

"நீங்க ஏன் போகணும்? மைக்குல சொன்னது நானு." அத்தை என்னைப் பார்த்தார். "பிரேமினி, நீ கூட வருவியாம்மா? நான் தமிழ்ல சொல்றத நீ அங்கிட்டு சொல்லணும்."

எனக்கு அவ்வளவு சிங்களம் வராது, பிழையாகச் சொல்லிவிடுவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "சரிங்கத்தை" என்றுதான் வந்தது.

நாளைக்கு: டீச்சரிடம் கேட்டு, பொலிசில் பேசும் சொற்களைப் படிக்க வேண்டும்.

பெப்ரவரி 19, புதன்கிழமை

ஒரு திருத்தம். சித்தப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று எழுதியிருந்தேன். அத்தை "சொன்னா தம்பி" என்று சொன்னபோது அவர் பிடியை விட்டுவிட்டார். அதை எழுதாமல் விட்டது சரியில்லை.

விடியற்காலையில் கடும் பனி. ஆற்றோரச் செடிகள் கருகிப் போய்விட்டன. கொழுந்து கிடைக்காமல் பாதிப் பெண்களுக்கு அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான், போடுவார்கள் என்று பேசிக்கொண்டு போனார்கள். அத்தையும் கூடையை மாட்டிக்கொண்டு போனார். வீட்டில் இருந்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டும் என்றார். அவர் மலைக்குப் போனபோது மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்களாம். யாரும் கெட்டதாக எதுவும் சொல்லவில்லை. அவர் கொழுந்து பறித்த நிரைக்குப் பக்கத்து நிரையை மட்டும் யாரும் பிடிக்கவில்லை.

பிள்ளைக் காம்பராவுக்குத் தன் மூத்த மகளைச் சித்தப்பாவே தூக்கி வந்தார். எப்போதும் நிலக்ஷிதான் கொண்டுவருவாள். பால் போத்தலைக் கொடுத்த பிறகும் அவர் போகவில்லை.

"நீதானே நாளைக்குப் போற?"

"ஆமா சித்தப்பா."

"அக்கா பேச ஆரம்பிச்சா எல்லாத்தையும் கொட்டிரும். ஒண்ணு செய்யிறியா? எம்பேரு வர்ற எடத்துல 'தெரிஞ்ச ஒருத்தரு'ன்னு மட்டும் சிங்களத்துல சொல்லிரு. அக்காவுக்கு வெளங்காது. அவங்களுக்கும் தமிழ் வெளங்காது."

நான் குழந்தையின் கம்பளிச் சட்டைக்குப் பொத்தான் போட்டேன். சரியாகத்தான் போட்டிருந்தது. கழற்றி மறுபடியும் போட்டேன்.

"பொய்யில்லம்மா. கொஞ்சம் கொறைக்கிறதுதான். நிலக்ஷிக்கு இந்தப் புள்ள பொறக்குற வரைக்குமாவது நான் வெளிய இருக்கணும்."

குழந்தை அவர் காலைக் கட்டிக்கொண்டது. அவர் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போனார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டிருப்பார். என் தவறு அதுதான்.

வகுப்பு முடிந்த பிறகு டீச்சரிடம் கேட்டேன். "மொழிபெயர்க்கிறவங்க ஒரு பேர விட்டுட்டுச் சொல்லலாமா டீச்சர்?"

யாருடைய பேர் என்று அவர் கேட்கவில்லை. தோட்டத்தில் நடந்தது பஜாருக்கு வந்து சேர நேரமாகாது. மேசையில் கிடந்த சோக்குத் துண்டுகளைப் பொறுக்கினார்.

"ஞாயித்துக்கெழம செய்தியில அவன்ட பேரு சொல்ற வரைக்கும் எங்கட ஊட்டுல ஒருத்தரும் சோத்துல கை வைக்கல்ல. எங்கட ஆக்கள்ட பேரா இருக்குமோண்டு பயம். பேரு வந்திச்சி. எங்கட இல்ல. நாநா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிட்டுச் சாப்பிட்டாரு. நானும் சாப்பிட்டேன். அதுக்குப் பொறகுதான் யோசிச்சேன், அந்தப் பேருக்காரங்கட ஊடுகள்ள இப்ப யாரு சாப்பிடாம இருக்கிறாங்களோண்டு." சோக்கைப் பெட்டியில் போட்டார். "நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியாது பிரேமினி. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

டீச்சருக்குத் தெரியாது என்றதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கூப்பிட்டார். "ரெண்டு வார்த்த நானே சொல்லணும். எல்லாத்தையும் நீ சொன்னா, இவளுக்கு வாயில்லயான்னு நெனப்பாங்க. சொல்லிக்குடு."

இரண்டு வசனம் சொல்லிக் கொடுத்தேன். "மே மகே புதா" என்றால் இது என் மகன். "எயா மகே புதா நெவெய்" என்றால் அவன் என் மகன் இல்லை. அத்தைக்கு முதல் வசனம் உடனே வந்துவிட்டது. இரண்டாவதில் கடைசிச் சொல் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் "மகே புதா" வரை வந்து நின்றுவிடுவார்.

"அங்க ரெண்டு படத்தையும் வச்சிக்கிட்டு மாத்தி மாத்திக் காட்டுனா என்னம்மா செய்யிறது? பதட்டத்துல எம்புள்ளயப் பாத்து இல்லன்னு சொல்லிட்டேன்னா?"

"தொட்டுட்டுச் சொல்லுங்கத்தை. எதத் தொடுறீங்களோ அதப் பத்தித்தான் சொல்றீங்கன்னு அவங்களுக்கு வெளங்கும்."

ஜீவராஜின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் படத்தை மடியில் வைத்துக்கொண்டார். படத்தின் மேல் விரலை வைத்து, "மே மகே புதா" என்றார். மற்றவனுக்குப் படம் இல்லை. வெறும் தரையைத் தொட்டார். "எயா மகே புதா நெவெய்." இந்த முறை முழுதாக வந்தது. தொட்ட இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"திருநீறு பூசுனப்ப குனிஞ்சு குடுத்தானே" என்றார். "அவனுக்கும் எங்கயாவது பெத்தவ ஒருத்தி இருப்பா. அவகிட்டயும் கேப்பாங்க. அவ என்ன சொல்லுவா?"

மாமா எழுந்து வெளியே போனார். போனவர் இஸ்தோப்பில் யாரிடமோ, "உள்ள வா, பனியில நிக்காத" என்றது கேட்டது. செருப்பைத் தரையில் தேய்க்கும் சத்தம் மட்டும் வந்தது. அழகுமுத்து சித்தப்பாவின் செருப்பு, வார் அறுந்து கம்பி போட்டது.

அத்தைக்கும் கேட்டிருக்கும். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"யாரு கூட்டியாந்ததுன்னு சிங்களத்துல எப்புடிக் கேப்பாங்க?"

சொன்னேன்.

"அழகுமுத்துக்கு சிங்களத்துல என்ன?"

"பேருக்கு ஏதுங்கத்தை சிங்களம்? அழகுமுத்துதான்."

"அப்ப அத நானே சொல்லிக்கிறேன்." படத்தை முந்தானையால் துடைத்தார். "நீ சொல்ல வேணாம். எந்தம்பி பேரு, என் வாயால வரட்டும். பந்து அடிக்கத்தான் கூட்டியாந்தான், வேற ஒண்ணும் தெரியாதுன்னு நான் சொல்றத மட்டும் நீ அங்கிட்டு சொல்லு. அத எத்தன தடவ கேட்டாலும் சொல்லு."

சித்தப்பா என்னிடம் கேட்டது அத்தைக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. வெளியே செருப்புச் சத்தம் நின்றது. சற்று நேரம் கழித்து மாமா மட்டும் உள்ளே வந்தார்.

"போயிட்டானா?" என்றார் அத்தை.

"போயிட்டான். பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டான்."

அத்தை தலையை ஆட்டினார். கொத்தமல்லித் தண்ணீர் கொதித்திருந்தது. மூவரும் குடித்தோம்.

நாளைக்கு: பிள்ளைக் காம்பராவுக்கு லீவு சொல்லிவிட வேண்டும். ஜீவராஜின் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிக்கூடப் படத்தையும் பொலித்தீனில் சுற்றி எடுக்க வேண்டும். அத்தைக்குக் கம்பளிச் சட்டை. முதல் பஸ். சித்தப்பா சந்தியில் நின்றால் மூன்று டிக்கெட். நிற்காவிட்டால் இரண்டு.